மூட்டைக்கு எத்தனை சட்டி?
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கலவையைப் பற்றியவை. கொத்தனார் ஒன்று சொல்கிறார், பக்கத்து வீட்டுப் பொறியாளர் ஒன்று சொல்கிறார், சிமென்ட் கடைக்காரர் இன்னொன்று சொல்கிறார் என்று குழம்பி எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

மாடியில் 18-க்கு 12 அடியில் ஓர் அறை எடுக்கிறோம். கூரைத் தளம் 5 அங்குலம். மேஸ்திரி, "1:2:4 போதும், முப்பது வருஷமா அதுதான் போடுறேன்" என்கிறார். வரைபடத்தில் எம்20 என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா? எத்தனை மூட்டை வாங்குவது?
– வாசகர், திண்டுக்கல்

ஒன்றல்ல. 1:2:4 (சிமென்ட் ஒரு பங்கு, மணல் 2, ஜல்லி 4) என்பது எம்15. எம்20-க்கு 1:1½:3 வேண்டும். எம் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், 15 செ.மீ. கனசதுரக் கட்டி 28-ஆம் நாள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் தாங்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது.

உங்கள் மேஸ்திரி தவறான ஆள் இல்லை. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456-இன் 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்15 போதும் என்றது. அவர் தொழில் கற்ற காலத்தில் 1:2:4 முறையான கலவைதான். 2000-இல் வந்த பதிப்பு அதை எம்20 என்று உயர்த்திவிட்டது. தளம் இடிந்து விழும் என்ற பயத்தைவிட, கம்பி துருப்பிடிக்கும் என்ற கவலைதான் வீடு கட்டுகிறவருக்கு முக்கியம். சிமென்ட் குறைந்த கலவை உள்ளே நுண்துளைகளோடு இறுகும். அந்தத் துளைகள் வழியாக ஈரமும் காற்றும் கம்பிவரை போகும். பத்துப் பதினைந்து வருடத்தில் கூரையின் அடிப்பூச்சு பொரிந்து, துருவேறிய கம்பி தெரிகிற வீடுகளை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

கணக்குக்கு வருவோம். 18 × 12 அடி, 5 அங்குலம் என்றால் 90 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.55 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 1:1½:3 கலவைக்கு 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி மணல், 30 கன அடி ஜல்லி பிடிக்கும். ஆக உங்கள் தளத்துக்கு 21 மூட்டை, 38 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), 76 கன அடி முக்கால் அங்குல ஜல்லி. சேதாரத்துக்கு ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன 18 × 12 சுவரின் வெளிவிளிம்பு வரை அளந்த அளவாக இருக்க வேண்டும், அறையின் உள்ளளவாக இருந்தால் எல்லாமே குறைந்துபோகும். பீம் இருந்தால் அதன் கன அளவையும் சேருங்கள்.

இதே தளத்தை 1:2:4-இல் போட்டால் 16, 17 மூட்டை ஆகும். வித்தியாசம் நாலைந்து மூட்டை. மொத்தக் கூரைச் செலவில் அது எவ்வளவு சிறிய தொகை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு குறிப்பு. இப்படி விகிதம் சொல்லிக் கலக்கும் முறை எம்20 வரைக்கும்தான். வரைபடத்தில் எம்25 அல்லது எம்30 என்று இருந்தால், உங்கள் மணலையும் ஜல்லியையும் சோதனைக்கூடத்தில் கொடுத்து கலவை வடிவமைப்பு வாங்க வேண்டும், அல்லது ரெடிமிக்ஸ் எடுக்க வேண்டும். "எம்25-க்கு 1:1:2" என்று எழுதிவைத்திருக்கும் துண்டுச்சீட்டை நம்ப வேண்டாம்.

எங்கள் ஊரில் எல்லாமே சட்டிக் கணக்குதான். "மூட்டைக்கு ஆறு சட்டி மணல், பன்னிரண்டு சட்டி ஜல்லி" என்கிறார்கள். இது 1:1½:3 ஆகுமா?
– வாசகி, விழுப்புரம்

சட்டி எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்.

50 கிலோ சிமென்ட் மூட்டை கன அளவில் 35 லிட்டர். இதுதான் விகிதத்தில் வரும் '1'. அப்படியானால் 1:1½:3-க்கு ஒரு மூட்டைக்கு மணல் 52 லிட்டர், ஜல்லி 105 லிட்டர். இப்போது அந்தச் சட்டியைச் சமதரையில் வைத்து, லிட்டர் குவளையால் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி எண்ணுங்கள். 12 லிட்டர் பிடித்தால், மணல் நாலரைச் சட்டி, ஜல்லி ஒன்பது சட்டிக்கும் கொஞ்சம் குறைவு. ஆறும் பன்னிரண்டும் போட்டால் அது 1:2:4 ஆகிவிடும். இதுவும் தலைதட்டிய சட்டிக் கணக்கு. சித்தாள் மண்வெட்டியால் அள்ளிப் போடும்போது சட்டி கோபுரமாகத்தான் இருக்கும். காலையில் குவித்துப் போடுகிற கை, மதியத்துக்கு மேல் களைத்துக் குறைத்துப் போடும். கடைசி மூலையில் விழும் கலவையும் முதல் மூலையில் விழுந்ததும் வேறு வேறாகிவிடும்.

அதனால்தான் பெட்டி செய்யச் சொல்கிறோம். சென்ட்ரிங் பலகையிலோ தகரத்திலோ, உள்ளளவு 40 × 35 செ.மீ., உயரம் 25 செ.மீ. கச்சிதமாக 35 லிட்டர். இரண்டு பக்கமும் கைப்பிடி. உள்பக்கம் பாதி உயரத்தில், 12.5 செ.மீ.யில், சுற்றிலும் கோடு போட்டுவிடுங்கள், அரைப் பெட்டிக்கு அது உதவும். மேலே ஒரு நேர்க்கட்டையால் வழித்துவிட வேண்டும், காலால் மிதித்து அமுக்கக் கூடாது. ஒரு மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சிமென்டை மட்டும் பெட்டியில் அளக்காதீர்கள். கொட்டும்போது உப்பிவிடும். முழு மூட்டையாகவே போடுங்கள்.

இனி மணலின் ஈரம். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். லேசாக ஈரமான மணல் உலர்ந்த மணலைவிட அதிக இடம் பிடிக்கும். ஒவ்வொரு மணியைச் சுற்றியும் ஒட்டியிருக்கும் தண்ணீர்ப் படலம் மணிகளைத் தள்ளி நிறுத்துவதுதான் காரணம். ஈரம் நாலைந்து சதவீதம் இருக்கையில் நுண்மணல் 30 சதவீதத்துக்கு மேலும் உப்பும். ஒரு கண்ணாடி டம்ளர் போதும் இதைப் பார்க்க. ஈரமணலை அமுக்காமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அதை வேறு பாத்திரத்தில் கொட்டி, டம்ளரில் பாதி தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் குத்தி விடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கிவிட்டால், 16-இல் 4, அதாவது 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அன்றைக்கு 52 லிட்டர் மணலுக்குப் பதில் 65 லிட்டர், ஏறக்குறைய இரண்டு பெட்டி போட வேண்டும். முன் கேள்வியில் சொன்ன 38 கன அடியும் 47 ஆகிவிடும். லாரியில் வரும் எம்-சாண்ட் பெரும்பாலும் ஈரமாகத்தான் வருகிறது, ஆகவே வாங்கும்போதே இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? மணல் குறையும். ஜல்லிகளுக்கு நடுவே நிரப்பச் சாந்து போதாது. கலவை 'சொரசொர'வென்று கரண்டிக்கு இணங்காது. உடனே ஒருவர் தண்ணீர் வாளியைத் தூக்குவார். ஜல்லி உப்புவதில்லை, அதற்குத் திருத்தம் வேண்டாம்.

கான்கிரீட் போடும்போது தண்ணீர் எவ்வளவு விட வேண்டும்? "கெட்டியாக இருந்தால் மூலைக்குப் போகாது" என்று ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.
– வாசகர், தென்காசி

எம்20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர்தான் ஐ.எஸ். 456 அனுமதிக்கும் உச்சம். வழக்கமாக 25 முதல் 27 லிட்டரில் வேலை நடக்க வேண்டும். அதிலும் மணலில் ஏற்கெனவே உள்ள தண்ணீரைக் கழிக்க வேண்டும். ஒரு மூட்டைக் கலவையில் 80 கிலோ மணல் போகிறது. 5 சதவீதம் ஈரம் என்றால் 4 லிட்டர் அதிலேயே இருக்கிறது. அப்போது வாளியில் 22 லிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது.

சிமென்ட் இறுகுவதற்கு அதன் எடையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தண்ணீர் போதும். மீதி, கலவையை நகர்த்துவதற்காக மட்டுமே. அந்த மீதி பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தைத் துளையாக விட்டுச் செல்கிறது. மூட்டைக்கு 25 லிட்டர் என்பதை 30 ஆக்கினாலே வலிமை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். காசு கொடுத்து வாங்கிப் போட்ட சிமென்டின் பலன் இந்த 5 லிட்டரில் போய்விடுகிறது.

மூலைக்குப் போக வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதற்கு வைப்ரேட்டர் இருக்கிறது. ஊசியை வேகமாக இறக்கி, 10–15 விநாடி வைத்து, மெதுவாக மேலே இழுக்க வேண்டும். காற்றுக் குமிழி வருவது நின்று மேற்பரப்பு பளபளத்ததும் எடுத்துவிடலாம். அடிக்கு ஓரிடத்தில் குத்தினால் போதும். கம்பியிலும் பலகையிலும் ஊசி படக் கூடாது. கலவையை ஓரிடத்தில் குவித்துவிட்டு வைப்ரேட்டரால் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது, சாந்து முன்னால் ஓடி ஜல்லி பின்னால் தங்கிவிடும். கம்பி நெருக்கமாக இருக்கும் பீம் சந்திப்புகளுக்குப் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் திரவம்) வாங்கி, டப்பாவில் அச்சிட்ட அளவில், கலக்கும் தண்ணீரோடு சேர்த்து ஊற்றுங்கள்.

தண்ணீர் சரியா என்று பார்க்க ஸ்லம்ப் கூம்பு ஒன்று வாடகைக்கோ விலைக்கோ கிடைத்தால் நல்லது. 30 செ.மீ. உயரக் கூம்பில் நிரப்பி, குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்கினால் கலவை எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. தளத்துக்கு 3 முதல் 4 அங்குலம் இறங்கினால் சரி. அப்பம் போலப் பரவிவிட்டால் அந்தக் கலவையைத் தளத்துக்கு ஏற்றாதீர்கள். கூம்பு இல்லாவிட்டால், தளத்தில் கொட்டிய இடத்தைச் சுற்றிப் சாம்பல் நிறத் தண்ணீர் வடிகிறதா என்று கவனியுங்கள். வடிந்தால் தண்ணீர் அதிகம். அந்தத் தண்ணீரோடு சிமென்டும் பலகைச் சந்து வழியாகக் கீழே சொட்டுகிறது.

மிக்ஸரில் எல்லாம் போட்ட பிறகு 2 நிமிடமாவது சுற்ற வேண்டும். அவசரத்தில் முதலில் கை வைக்கப்படுவது இந்த 2 நிமிடத்தில்தான்.

ஓ.பி.சி. 53 வாங்குவதா, பி.பி.சி. வாங்குவதா?
– வாசகர், அறந்தாங்கி

வீட்டு வேலைக்கு இரண்டும் ஆகும். ஓ.பி.சி. என்பது சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட், 53 அதன் வலிமைத் தரம். பி.பி.சி.யில் அனல் மின் நிலைய உலர் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் சேர்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் மெதுவாக வலுவேறும், போகப் போக ஓ.பி.சி.க்கு இணையாகிவிடும். நுண்துளை குறைவு, சூடும் குறைவாகக் கிளம்பும். கட்டுவேலை, பூச்சு இரண்டுக்கும் பி.பி.சி. நன்றாக இணங்கும். தளத்துக்கும் போடலாம், ஆனால் கியூரிங்கையும் (தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருப்பது) முட்டு பிரிப்பதையும் அவசரப்படுத்தக் கூடாது. ஓ.பி.சி.க்கு 7 நாள் தண்ணீர் என்றால் பி.பி.சி.க்கு 10 நாள் விதி, 14 நாள் நல்லது. நம் ஊர் வெயிலுக்கு ஓ.பி.சி.க்கும் 10 நாள்தான். தளத்தின் முட்டு, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள அறைக்கு ஓ.பி.சி.யில் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பி.பி.சி. என்றால் சிறிய அறைக்கும் 14 நாள் விட்டுவிடுங்கள்.

மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் கான்கிரீட்டில் போடாதீர்கள். உள்ளே கைவிட்டால் கல் போன்ற கட்டி தட்டுப்பட்டால், சலித்துப் போடலாம் என்று சொல்வார்கள். கட்டுமானத்துக்கு அது வேண்டாம்.

கெட்டியாக இருக்கட்டும் என்று உள்சுவர் முழுக்க 1:3 கலவையில் (சிமென்ட் 1, மணல் 3) பூசச் சொன்னேன். மூன்று வாரத்தில் சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்பு. சிமென்ட் போலியா?
– வாசகி, கரூர்

சிமென்டின் மேல் பழி போட வேண்டாம். நீங்கள் நல்லெண்ணத்தோடு சேர்த்த கூடுதல் சிமென்ட்தான் காரணம். சிமென்ட் சாந்து காயும்போது சுருங்கும். மணல் சுருங்காது. சிமென்ட் கூடக் கூடச் சுருக்கம் கூடும். பின்னால் இருக்கும் செங்கல் சுவர் அசையாமல் நிற்க, மேலே ஒட்டிய 12 மி.மீ. தோல் சுருங்கப் பார்த்தால் கிழியாமல் என்ன செய்யும்?

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். மட்டப்பலகை ஓட்டி முடித்ததும், ஈரத்தை இழுப்பதற்காக வெறும் சிமென்டைச் சுவரில் வீசி, மணியாஸ் கட்டையால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் மேலே அரை மி.மீ. கனத்துக்கு வெறும் சிமென்ட் தோல் உருவாகிவிடும். உங்கள் சுவரில் தெரியும் வலை பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கும். வெடிப்பு உள்ள இடத்தை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று திடமாகக் கேட்டால் ஒட்டுதல் நன்றாக இருக்கிறது. உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் தீர்ந்தது. 'பொத்'தென்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, சுவரை நனைத்து, மறுபடி பூச வேண்டும்.

எங்கே எது என்பதைச் சொல்லிவிடுகிறோம். உள்சுவருக்கு 12 மி.மீ. கனத்தில் 1:5, நல்ல செங்கல் என்றால் 1:6 கூடப் போதும். 100 சதுர அடிக்கு முக்கால் மூட்டையிலிருந்து ஒரு மூட்டை ஆகும். வெளிச்சுவருக்கு 20 மி.மீ., இரண்டு கோட்டாக: முதல் கோட் 12 மி.மீ. 1:4, மேல் கோட் 8 மி.மீ. 1:5. மேல் கோட் கீழ்க் கோட்டைவிட வலுவாக இருக்கக் கூடாது. வலுவாக இருந்தால் சுருங்கும்போது கீழ்க் கோட்டையும் பிய்த்துக்கொண்டு வரும். கூரை அடிப்பூச்சு மட்டும் 1:3, கனம் 6 முதல் 10 மி.மீ. அங்கே தொங்கி நிற்க ஒட்டுதல் வேண்டும், கனம் ஆகாது. பலகை பிரித்த அன்றே கான்கிரீட்டைக் கொத்தி வைத்துவிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் ஒரு அடி அகலத்துக்குக் கோழி வலை அடித்துவிட்டுப் பூசுங்கள். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிகின்றன, அந்தக் கோடு எப்படியும் வெடிக்கப் பார்க்கும்.

பூச்சுக்குப் பி-சாண்ட், அதாவது 2.36 மி.மீ. சல்லடையில் சலித்துக் கழுவியது. கிரஷர் டஸ்ட்டை, அதாவது கல் உடைக்கும் ஆலையின் தூசை, பி-சாண்ட் என்று சொல்லி இறக்கிவிடுவது உண்டு. உள்ளங்கையில் வைத்து ஈரமாகத் தேய்த்துப் பாருங்கள்: முகப்பவுடர் போல ரேகைகளில் அப்பிக்கொண்டால் அது டஸ்ட். அதில் தண்ணீர் அதிகம் பிடிக்கும், வெடிப்பும் கூடவே வரும்.

9 அங்குலச் சுவருக்கும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவருக்கும் ஒரே கலவையா?
– வாசகர், ஆரணி

9 அங்குலத்துக்கு 1:6. 100 கன அடிக் கட்டுக்கு 4 மூட்டை ஆகும். நாலரைக்கு 1:4, அதோடு மூன்று நான்கு வரிக்கு ஒருமுறை 6 மி.மீ. கம்பி இரண்டு ஓட விடுங்கள். சூளைச் செங்கலைத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைக்க வேண்டும். ஃபிளை ஆஷ் கல்லுக்குத் தெளித்தால் போதும். லேசான ஏ.ஏ.சி. பிளாக்கில் (காற்றுத்துளைக் கான்கிரீட் கல்) கட்டுகிறவர்கள் 1:4 போன்ற கெட்டிச் சாந்து வைத்தால், சாந்து நின்றுவிடும், கல் வெடிக்கும். அதற்கு 1:6 அல்லது 3 மி.மீ. கனத்தில் பூசும் ஒட்டுச்சாந்து.

காலையில் கலந்த சாந்து சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிவிட்டால் தண்ணீர் தெளித்துக் கிளறுகிறார்கள். சரியா?
– வாசகர், அந்தியூர்

சரியில்லை. தண்ணீர் சேர்த்த 2 மணி நேரத்துக்குள் சாந்து சுவரில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிளறினால், உள்ளே பிடிக்கத் தொடங்கியது உடைந்துவிடும், மறுபடி ஒட்டாது. உலர் கலவையாக மணலும் சிமென்டும் புரட்டி வைத்துக்கொண்டு, தேவைக்குத் தேவை தண்ணீர் விட்டுக் குழைத்தால் வீணாகாது. ஈரமணலோடு புரட்டியிருந்தால் அதையும் நாள் முழுக்க வைத்திருக்க முடியாது.

அஸ்திவாரத்துக்கு அடியிலும் தரைக்கு அடியிலும் எந்த விகிதம்?
– வாசகி, மணப்பாறை

இரண்டுக்கும் 1:4:8, ஒன்றரை அங்குல ஜல்லி, 4 அங்குலக் கனம். தூண் அடிப்பீடத்துக்குக் கீழே மண் ஈரமாக இருந்தால் 1:3:6 போடுங்கள். குழியை நனைத்துத் திமிசு போட்டு இடித்த பிறகே கொட்ட வேண்டும். அதன்மேல் வரும் அடிப்பீடம் எம்20, கம்பிக்குக் கீழே 5 செ.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்).

கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் கட்டுகிறோம். போர் தண்ணீர் உப்பு. "சிமென்ட் போட்டால் உப்பு செத்துப்போகும்" என்கிறார்கள்.
– வாசகர், வேதாரண்யம்

சாகாது. கான்கிரீட்டுக்குள் காத்திருந்து கம்பியைத் தின்னும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வெறும் கான்கிரீட்டுக்கு 2,000 வரை. ஒரு பாட்டில் எடுத்துப்போய்ச் சோதனைக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். அதிகம் என்று வந்தால் கலப்பதற்கும் கியூரிங்குக்கும் வெளித் தண்ணீர் வாங்கியே ஆக வேண்டும். ஒரு மூட்டைக்கு 25 லிட்டர்தான், லாரித் தண்ணீர் கட்டுப்படியாகாத செலவு இல்லை. கியூரிங்குக்குத்தான் அதிகம் செலவாகும், அங்கே சாக்கு போட்டு நனைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். கடல் மணலைத் தளத்தில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கடற்கரைக் காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு விதிநூல் எம்30, சிமென்ட் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாமல், தண்ணீர் சிமென்டின் எடையில் 45 சதவீதத்துக்கு மிகாமல், கவர் 45 மி.மீ. என்கிறது. அரைக் கிலோமீட்டரில் உப்புக்காற்று நேரடியாக வந்து அடிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டியிலோ பெட்டியிலோ இது வராது. வடிவமைத்த கலவை, முடிந்தால் ரெடிமிக்ஸ். சிமென்டில் பி.பி.சி. அல்லது இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. உப்பை உள்ளே விடுவது குறைவு. கவருக்கு உடைந்த ஜல்லியையும் கம்பித் துண்டையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அந்தக் கம்பித் துண்டுதான் முதலில் துருப்பிடித்து வழிகாட்டும். அதே கான்கிரீட்டில் வார்த்த கவர் பிளாக்கையே வையுங்கள்.

மொட்டைமாடியில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட ஆள் கிடைப்பதில்லை. சிமென்டில் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கும்பகோணம்

ஆள் கிடைத்தால் சுண்ணாம்புதான் நல்லது. மொட்டைமாடி பகலில் விரிந்து இரவில் சுருங்குகிறது. சுண்ணாம்பு அதற்கு இணங்கி அசையும், சிறு கீறலைக் காலப்போக்கில் தானே அடைத்தும் கொள்ளும். சிமென்ட் கெட்டியாக நின்று வெடிக்கும்.

அளவு: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீர்த்த சுண்ணாம்பு. மணல் கிடையாது. ஜல்லி நன்கு வெந்த செங்கலில் உடைத்த 20 மி.மீ. அளவு, முன்பே நனைத்து ஊறியது. சராசரி 3 அங்குலக் கனம், 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம். பரப்பிய பிறகு மரக்கட்டையால் அடிப்பதுதான் உண்மையான வேலை. வரிசையாக உட்கார்ந்து, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, கட்டை பட்ட இடம் பள்ளம் விழாமல் கட்டை எகிறும்வரை அடிக்க வேண்டும். இந்த அடியைக் குறைத்துவிட்டால் பஞ்சு போல நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே தட்டோடுகளை, 1:3 சாந்தில், சிமென்டின் எடையில் 2 சதவீதம் நீர்த்தடுப்புப் பொருள் கலந்து பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் தட்டோட்டை நேராக முட்டாமல், உருண்டை விளிம்பு வைத்து ஏற்றுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும்.

சிமென்டில்தான் முடியும் என்றால், தளத்தை முதலில் நீர்த்தடுப்புப் பூச்சால் அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிக் கசிவு இல்லை என்று பார்த்து, அதன் மேல் சிமென்டில் கலந்த ஜல்லி போட்டு, 10 அடிக்கு ஓர் இடைவெளி விட்டு அதை நெகிழும் பூச்சால் நிரப்புங்கள்.

பலகை பிரித்ததும் தூணின் அடியில் ஒரு அடிக்கு ஜல்லியாகத் தெரிந்தது. நாங்கள் பார்ப்பதற்குள் சிமென்ட் பால் பூசி மூடிவிட்டார்கள். விட்டுவிடலாமா?
– வாசகர், ராசிபுரம்

விடக் கூடாது. வீட்டின் எடை இறங்கும் இடம் அது. பூசியதைத் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டினால் உதிரும் ஜல்லி முழுவதையும் கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். 2 செ.மீ. ஆழத்துக்குள் நின்று கம்பியும் தெரியவில்லை என்றால், நன்கு கழுவி, ஈரமாக்கி, பாலிமர் கலந்த 1:3 சாந்தை அழுத்தி அடைத்தால் சரியாகும். கம்பி தெரிந்தாலோ, தூணின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பொள்ளலாக இருந்தாலோ, மேல் வேலையை நிறுத்தி, கட்டமைப்புப் பொறியாளரை நேரில் வரவழையுங்கள். மேலே உள்ள பாரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் கொத்தி, பலகை கட்டி, கிரவுட் என்ற சுருங்காத, ஓடும் சாந்தை ஊற்ற வேண்டியிருக்கும்.

மற்ற தூண்களில் இது வராமல் இருக்க: பலகையின் அடிச்சந்தை அடைத்துவிடுங்கள், சாந்து அங்கேதான் ஒழுகுகிறது. கான்கிரீட் கொட்டுவதற்கு முன் அதே விகிதத்தில் ஜல்லி இல்லாத சாந்தை, 1:1½, ஓர் அங்குலத்துக்கு ஊற்றுங்கள். 5 அடிக்கு மேல் உயரத்திலிருந்து கலவையைக் கொட்டினால் ஜல்லி முதலில் விழுந்து தனியே சேர்ந்துவிடும். 10 அடித் தூணுக்குப் பக்கப்பலகையில் நடுவே ஒரு வாசல் விட்டு இரண்டு கட்டமாக நிரப்பலாம். ஒன்றரை அடிக்கு ஒருமுறை வைப்ரேட்டர் இறங்க வேண்டும். பலகை பிரித்த அன்றே கோணிச்சாக்கு சுற்றிக் கட்டிவிட்டு, காலை, மதியம், மாலை மூன்று வேளையும் சாக்கு சொட்டச் சொட்ட நனைக்க ஓர் ஆளுக்குப் பொறுப்புக் கொடுங்கள்.